கண்ணாடிக்கு என்ன வண்ணம் எடுப்பது?

2022 மார்ச் 23 அன்று பாரிஸின் ஆர்ட்க்யூரியல் ஏல நிறுவனத்தில் ஒரு சிறிய எண்ணெய் வண்ண ஓவியம் 2 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. 38 சென்டிமீட்டர் உயரம், 46 சென்டிமீட்டர் அகலம். பிரம்புக் கூடையில் கூம்பாகக் குவித்த காட்டு ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள், இரண்டு வெள்ளைக் கார்னேஷன் பூக்கள், ஒரு பீச், இரண்டு செர்ரி, ஒரு கிளாஸ் தண்ணீர். ழான் சிமியோன் ஷார்தான் 1761ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த படம் அது. ஏலத்தில் எடுத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த கலைப்பொருள் வணிகர். எடுத்தது டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள கிம்பெல் அருங்காட்சியகத்துக்காக. பிரெஞ்சு அரசு படத்தைத் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்து, 30 மாதங்களுக்கு நாட்டைவிட்டு வெளியேறாதபடி தடுத்தது. லூவர் அருங்காட்சியகம் பணம் திரட்டத் தொடங்கியது. எல்விஎம்ஹெச் நிறுவனம் பெரும்பங்கைக் கொடுத்தது. பொதுமக்களில் சுமார் 10,000 பேர் தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள். 2024இல் படம் லூவருக்குச் சொந்தமானது. டெக்சஸுக்கு வரவேண்டிய படம் வரவில்லை.

அப்போது எழுதியவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ராபெர்ரியைப் பற்றித்தான் எழுதினார்கள். அந்தச் சிவப்பு அப்படிப்பட்டது. ஆனால் தூரிகை பிடித்துப் பழகிய எவரும் அந்தப் படத்தில் முதலில் தேடிப்போவது தண்ணீர் கிளாஸைத்தான். பழத்துக்குச் சிவப்பு எடுக்கலாம், பூவுக்கு வெள்ளை எடுக்கலாம். கண்ணாடிக்கு என்ன வண்ணம் எடுப்பது? ஓவிய வகுப்பில் மேசைமேல் பொருள்களை வைத்து வரையும் ‘ஸ்டில் லைஃப்’ பயிற்சிக்கு உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இதன் அடிப்படை புதிதல்ல. திருக்குறளில் குறிப்பறிதல் அதிகாரத்தில் வரும் பளிங்கு உவமை எல்லோரும் பள்ளியில் படித்தது. தன் அருகில் இருப்பதைத் தன்மேல் ஏற்றுக் காட்டும் பொருள் என்றே வள்ளுவர் பளிங்கை அங்கே எடுத்தாள்கிறார். சைவ சித்தாந்த நூல்களும், சார்ந்ததன் வண்ணமாகத் தோன்றும் உயிரின் இயல்பை விளக்கப் படிகத்தைக் கையாண்டிருக்கின்றன. ஓவியர் அறியவேண்டிய முதல் பாடமும் இதுதான். ஒரு கிளாஸை வரைய உட்காரும்போது அவர் வரையப்போவது பின்னாலிருக்கும் சுவரை, பக்கத்திலிருக்கும் பழத்தை, எதிரிலிருக்கும் சன்னலை. இவை மூன்றும் கிளாஸின் வடிவத்துக்குள் எப்படி வளைந்து, சுருங்கி, இடம் மாறி நிற்கின்றன என்பதைச் சரியாகப் பார்த்துவிட்டால் கண்ணாடி தானாக வந்துவிடும்.

பார்ப்பதுதான் கடினம். நம் கண்ணுக்கு ‘இது கிளாஸ்’ என்று ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைக் கை வரைந்துவிடுகிறது. அதனால்தான் புதிதாக வரைபவர்கள் கிளாஸைச் சுற்றிலும் ஒரே தடிப்பில் கோடு போட்டு, உள்ளே வெளிர் நீலத்தையோ சாம்பலையோ பூசிவிடுகிறார்கள். உண்மையான கிளாஸின் விளிம்பு அப்படி இருப்பதே இல்லை. ஓரிடத்தில் கறுத்துத் தெரியும், அடுத்த அங்குலத்தில் பின்னணியோடு கரைந்து காணாமல் போகும், மறுபடி ஒரு வெளிச்சக் கீற்றாக எழும்.

இதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. நேராக வந்து விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை மட்டுமே கண்ணாடிப் பரப்பு திருப்பி அனுப்புகிறது; மீதி உள்ளே போகிறது. ஆகவே கிளாஸின் நடுப்பகுதி வழியாகப் பின்னாலிருப்பது தெளிவாகத் தெரிகிறது. விளிம்பை நெருங்க நெருங்கப் பரப்பு நம் பார்வைக்குச் சாய்கிறது. திரும்பி வரும் ஒளியின் பங்கு சடசடவென்று ஏறுகிறது. உள்ளே புகுந்த ஒளியும் அங்கே மிகுதியாக வளைகிறது. இதனால் விளிம்பில் தெரிவது நேர் பின்னாலிருக்கும் சுவர் அல்ல, பக்கவாட்டில் எங்கோ இருக்கும் பொருள். அங்கே இருட்டு இருந்தால் விளிம்பு கறுக்கும், விளக்கு இருந்தால் ஒளிரும். விளம்பரத்துக்காகப் பாட்டில்களைப் படமெடுக்கும் ஒளிப்படக்காரர்களுக்கு இது அன்றாடத் தொழில் அறிவு. வெளிச்சமான பின்னணியில் கண்ணாடியின் விளிம்பைக் கறுப்பாகவும், இருண்ட பின்னணியில் வெள்ளையாகவும் வரவழைக்க, பக்கங்களில் கறுப்பு அட்டையையோ வெள்ளை அட்டையையோ வைப்பார்கள்.

தண்ணீர் நிரம்பிய உருளைக் கிளாஸ் ஒரு வில்லையாகவே ஆகிவிடுகிறது. சற்றுத் தள்ளிப் பின்னாலிருக்கும் பொருள் அதற்குள் இடம் வலமாக மாறித் தெரியும். உருண்டையாக இருந்தால் தலைகீழாகவும் தெரியும். பளிச்சென்ற வெண்புள்ளியும் சும்மா ஒரு புள்ளியில்லை. பெரும்பாலும் அது சன்னலின் படம். 17ஆம் நூற்றாண்டில் ஹார்லெம் நகரில் வேலைசெய்த பீட்டர் கிளாஸ், வில்லெம் கிளாஸ் ஹெடா ஆகிய டச்சு ஓவியர்கள் இதை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அவர்களுடைய பச்சை நிற மதுக் கோப்பைகளே சாட்சி. கோப்பையின் குவிந்த முன்பரப்பில் சன்னல் நிமிர்ந்து தெரியும். எதிர்ப்பக்கத்து உட்சுவர் குழிந்திருப்பதால் அங்கே அதே சன்னல் தலைகீழாகத் தெரியும். சட்டங்களின் குறுக்குக் கம்புகூட விடுபடாது. ஒளியியல் பாடநூல் கையில் இல்லாமலே, கண்ணை மட்டும் நம்பி எழுதிவைத்த ஒளியியல் அது.

ஷார்தான் வேறு வழியில் போனார். அவருடைய கிளாஸில் எண்ணிப்பார்க்கத்தக்க விவரங்கள் குறைவு. பின்சுவரின் பழுப்பே கிளாஸுக்குள்ளும் தொடர்கிறது; தண்ணீரின் மேல்மட்டத்தைக் காட்ட மெல்லிய நீள்வட்டம், விளிம்பில் சில அழுத்தங்கள், சில வெண்தீற்றல்கள். அருகில் சென்றால் வெறும் வண்ணம். நாலடி தள்ளி நின்றால் குடிக்கலாம்போல் தண்ணீர். எவ்வளவு குறைவாகச் சொன்னால் கண் நம்பும் என்பதை அவர் அறிந்திருந்தார். கண்ணாடியை வரைவதில் இதைவிடப் பெரிய அறிவு இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்க உதவும் கதை எதிர்பாராத இடத்தில், நியூஜெர்சியில், தொடங்குகிறது.

நியூஜெர்சிக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு பழையது. பிரிட்டிஷ் அமெரிக்கக் குடியேற்றங்களில் முதன்முதலாக நிலைத்து வெற்றிகண்ட கண்ணாடித் தொழிற்சாலையை காஸ்பர் விஸ்டார் 1739இல் தொடங்கியது இந்த மாநிலத்தின் தெற்கே, சேலம் கவுண்டியில்தான். அந்தப் பகுதியின் மணலும் விறகுக்குக் காடும் தொழிலை வளர்த்தன. மில்வில் நகரில் இன்றும் அமெரிக்கக் கண்ணாடிக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.  

ஆனால் நான் சொல்லவந்த இடம் ஹோம்டெல். அங்கே பெல் ஆய்வகத்துக்காக ஈரோ சாரினென் வடிவமைத்த மாபெரும் கட்டடம் 1962இல் திறக்கப்பட்டது. வெளிப்புறம் முழுக்க, வானத்தையும் மரங்களையும் எதிரொளிக்கும் கண்ணாடி. அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய டர்னர் விட்டெட் 1979இல் ஒரு கணினிப் படத்தை உருவாக்கினார். சிவப்பும் மஞ்சளுமான சதுரங்கத் தரைக்கு மேலே இரண்டு கோளங்கள் மிதக்கின்றன. ஒன்று பளபளப்பானது, முன்னாலிருக்கும் மற்றொன்று ஊடுருவித் தெரியும் கண்ணாடி. கண்ணாடிக் கோளத்துக்குள் தரையின் கட்டங்கள் வளைந்து சுருங்கித் தெரிகின்றன. அந்த ஒரு படத்தைக் கணக்கிட வாக்ஸ் 11/780 கணினிக்கு 74 நிமிடங்கள் ஆயின. 1980 ஜூன் மாதம் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை கணினி வரைகலையின் திருப்புமுனைகளில் ஒன்று.

விட்டெட் செய்தது என்ன? கணினி வரைகலை அதுவரை ஒரு பொருளின் பரப்புக்கு நிறம் கொடுக்கப் பழகியிருந்தது. கண்ணாடி முன்னால் அந்த முறை தோற்றது, ஓவிய வகுப்பில் புதிய மாணவர் தோற்பதைப் போலவே. விட்டெட் கேள்வியைத் திருப்பிப்போட்டார். பார்வையாளரின் கண்ணிலிருந்து படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்பினார். அது கண்ணாடியில் பட்டதும் எதிரொளிக்கும் கதிர், உள்ளே வளைந்து போகும் கதிர் என்று கிளை பிரியும். ஒவ்வொரு கிளையும் அடுத்த பொருளைத் தேடிப் போகும். அங்கே மறுபடி கிளை பிரியும். கடைசியில் எந்தப் பொருளில் போய் முட்டுகிறதோ அதன் நிறம் திரும்பி வந்து அந்தப் புள்ளியில் சேரும். ‘இந்த இடத்தில் கண்ணாடி என்ன நிறம்?’ என்று கேட்பதை விட்டு, ‘இந்த இடத்தில் நான் எதைப் பார்க்கிறேன்?’ என்று கேட்பதே ரே ட்ரேசிங் என்ற அந்த முறையின் சாரம். ஹார்லெம் நகரத்து ஓவியரின் கேள்வியும் இதுவே. ஒருவர் கண்ணால் கேட்டார், இன்னொருவர் நிரலால் கேட்டார்.

அதன்பின் வேலை கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதிக்கு நகர்ந்தது. கண்ணாடி வழியாகச் சென்ற ஒளி மேசைமேல் குவிந்து விழும்போது உண்டாகும் நெளியும் பிரகாசத் திட்டு விட்டெட்டின் முறையில் வரவில்லை. கண்ணிலிருந்து கிளம்பும் கதிர் அதைத் தேடிப் பிடிப்பது கடினம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் வீச் 1990களில் அந்தச் சிக்கலுக்கு வழிகள் கண்டார். அவருடைய ஆய்வில் வரும் புகழ்பெற்ற காட்சி, மேசைமேல் வைத்த ஒரு கண்ணாடி முட்டை. அதே காலத்தில் பிக்ஸார் நிறுவனம் எடுத்த ‘எ பக்ஸ் லைஃப்’ படத்தில் (1998) ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்காகவே வழக்கமான முறையை விட்டு ரே ட்ரேசிங்கைத் துணைக்கு அழைக்கவேண்டியிருந்தது. 2018இல் சாண்டா கிளாராவின் என்விடியா நிறுவனம் ரே ட்ரேசிங்கை நொடிப்பொழுதில் செய்யும் சில்லுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த வட்டாரத்தின் மென்பொருள், சில்லு நிறுவனங்களில் வேலைசெய்யும் தமிழர்கள் ஏராளம். தங்கள் துறையின் மூலக்கேள்விகளுள் ஒன்று ஓவியருடையது என்று அவர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

கணினி எல்லாக் கதிரையும் கணக்கிட்டுவிடுகிறது என்றால், ஷார்தானின் சில தீற்றல்களுக்கு இனி என்ன மதிப்பு? இங்கேதான் மனிதப் பார்வை பற்றிய ஆய்வுகள் உதவுகின்றன. உளவியலாளர் பேட்ரிக் கவானா 2005இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஓவியர்கள் நூற்றாண்டுகளாக நிழலிலும் எதிரொளிப்பிலும் ஒளியின் விதிகளை மீறி வரைந்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. நம் மூளை ஒளியியலை முழுதாகக் கணக்கிடுவதில்லை. எளிய சில அடையாளங்களைக் கொண்டு முடிவுக்கு வந்துவிடுகிறது. ரோலண்ட் ஃபிளெமிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் தடித்த கண்ணாடிப் பொருள்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே போகிறது. பின்னணி எவ்வளவு நெளிந்து தெரிகிறது என்பதை வைத்தே மனிதர்கள் அதன் ஒளிவிலகல் தன்மையை மதிப்பிடுகிறார்கள். பின்னணியின் தூரத்தை மாற்றினால் மதிப்பீடும் பிசகுகிறது. கண்ணுக்கு வேண்டியது சரியான நெளிவு அல்ல, நம்பத்தக்க நெளிவு.

லியனார்டோவின் பெயரால் 2017இல் 45 கோடி டாலருக்கு ஏலம்போன ‘சால்வட்டோர் முண்டி’ ஓவியம் இந்த விவாதத்துக்குப் பொருத்தமான வழக்கு. கிறிஸ்துவின் கையிலிருக்கும் படிகக் கோளத்தின் வழியாகத் தெரியும் அங்கியின் மடிப்புகள் வளைந்தோ தலைகீழாகவோ இல்லை. ஒளியை அவ்வளவு ஆராய்ந்த லியனார்டோ இப்படி வரைவாரா என்று கேட்டவர்கள் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த கணினி அறிஞர்கள் அந்தக் காட்சியைக் கணினியில் மறுபடி கட்டியெழுப்பி, கோளம் திடமான படிகமாக இல்லாமல் உள்ளே வெற்றாக, மெல்லிய சுவருடன் இருந்தால் படத்தில் காண்பது ஒளியியலுக்கு ஒத்துவரும் என்று முடிவுக்கு வந்தார்கள். படத்தை வரைந்தவர் யார் என்ற சர்ச்சை அதனால் தீரவில்லை. ஆனால் ஹோம்டெலில் பிறந்த கருவி ஓவியத்தை ஆராயத் திரும்பி வந்திருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கண்ணாடியை வரைந்த ஓவியர்களில் என்னை மிகவும் கட்டிப்போட்டவர் ஜேனட் ஃபிஷ். 1938இல் பிறந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அருவ ஓவியம் கோலோச்சிய 1960களில் அவர் கடையில் செல்லோஃபேன் தாளில் சுற்றி விற்கும் பழங்களை வரையத் தொடங்கினார். பழத்தைவிட அதன்மேல் நொறுங்கி நிற்கும் ஒளியே அவரை இழுத்தது. அங்கிருந்து வினிகர் பாட்டில், தேன் சீசா, தண்ணீர் கிளாஸ் என்று போனார். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கும் 1974ஆம் ஆண்டின் தண்ணீர் கிளாஸ்கள் ஓவியம் அந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. ஷார்தானின் சிக்கனத்துக்கு நேர் எதிர் இது. கிளாஸ்களைப் பெரிதாக்கி, ஒன்றன் வழியாக இன்னொன்றைத் தெரியவைத்து, ஒவ்வொரு வளைவையும் தூரிகையால் துரத்துகிறார். ஆனாலும் அது ஒளிப்படத்தின் நகல் ஆவதில்லை. அவர் எங்கே அழுத்துகிறார், எங்கே விடுகிறார் என்பது தெரிகிறது. அவருக்கு எண்பது ஆண்டுகள் முன்பே இதே ஆவலுடன் வேலைசெய்த ஒருவரின் படம் ஃபோர்ட் வொர்த்தின் ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: வில்லியம் மெக்ளாஸ்கி 1889இல் வரைந்த, மெல்லிய தாளில் சுற்றிய ஆரஞ்சுப் பழங்கள். பாதி ஊடுருவும் தாள், அதற்குள் மங்கித் தெரியும் ஆரஞ்சு, பளபளக்கும் மேசையில் அதன் சாயல்.

பெர்க்லியில் வாழ்ந்த ரிச்சர்ட் டீபென்கார்ன் 1963இல் வரைந்த சிறிய படமொன்றில் ஒரு தம்ளருக்குள் கத்தி நிற்கிறது. அகலமான, அவசரமானதுபோல் தோன்றும் தீற்றல்கள். ஓக்லாந்தில் பயின்ற ரால்ஃப் கோயிங்ஸ், உணவக மேசைகளின் கெட்சப் பாட்டிலையும் சர்க்கரைக் குப்பியையும் காட்டும் ஒளிப்படத்தைக் கித்தானில் ஒளியாக வீழ்த்தி, அதன்மேல் மாதக்கணக்கில் வரைந்தார். இருவரில் டீபென்கார்ன் பக்கமே என் மனம் சாய்கிறது. கோயிங்ஸின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்; ஆனால் கேமரா ஒற்றைக் கண்ணால் பார்த்து முடித்துவிட்ட ஒன்றை அவர் மறுபடி சொல்கிறார். டீபென்கார்னின் தம்ளர் முன்னால் ஒரு மனிதர் நின்று பார்த்தது தெரிகிறது.

வண்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இங்கே சொல்லவேண்டும். வெயில் பட்ட கிளாஸின் வெண்புள்ளி, நிழலில் கிடக்கும் கறுப்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாக இருக்கலாம். கித்தான்மேல் வெள்ளை வண்ணத்துக்கும் கறுப்பு வண்ணத்துக்கும் உள்ள வித்தியாசம் சில பத்து மடங்குதான். ஆகவே வெண்புள்ளியை எவ்வளவு வெள்ளையாக வைத்தாலும் போதாது. அதைச் சுற்றிலுமுள்ள எல்லாவற்றையும் ஒரு படி தாழ்த்தி வைக்கவேண்டும். கிளாஸ் முழுக்க வெண்புள்ளி வைத்தால் எதுவும் மின்னாது. தேர்ந்த ஆசிரியர்கள் பின்னணியை முதலில் கிளாஸுக்குள்ளும் தொடர்ந்து பூசவைத்து, அடர்ந்த கறுப்புகளை அடுத்து வைத்து, வெள்ளையைக் கடைசிவரை கையில் தரமாட்டார்கள். கோடிக்கணக்கான கதிர்களைக் கணக்கிடும் கணினிக்குப் பின்னாலும் ஒளியமைப்புக் கலைஞர் ஒருவர் உட்கார்ந்து விளக்கை நகர்த்திக்கொண்டிருப்பது இதனால்தான். எல்லாவற்றையும் கணக்கிட்டபின்னும் எதைக் காட்டுவது என்ற முடிவு மீந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் மேற்கத்திய முறை ஓவியப் பயிற்சிக்கு நீண்ட மரபு உண்டு. இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் நிறுவிய பள்ளி. நம் ஓவியர்கள் பித்தளையையும் வெண்கலத்தையும் பட்டையும் வரைவதில் தேர்ந்தவர்கள். 2021இல் நாம் இழந்த ஓவியர் இளையராஜாவின் படங்களில் வீட்டின் வாசல் வழியே வரும் வெளிச்சம் பெண்களின் முகத்திலும் உடையிலும் விழுவதைப் பார்த்துத் தமிழகமே வியந்தது. அந்தக் கைத்திறனுக்குக் கண்ணாடி எட்டாததல்ல. நம் டீக்கடைகளின் கோடுபோட்ட கிளாஸைவிட நல்ல பாடப்பொருள் எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது. வரிவரியாக இறங்கும் அதன் பக்கங்கள் ஒவ்வொன்றும் தனி வில்லை. பாதி தேநீர், மேலே நுரை, பின்னால் தெரு.

இங்கே அமெரிக்காவில், எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் டாலஸ் புறநகர்களிலும் நம் பிள்ளைகள் வார இறுதியில் ஓவிய வகுப்புக்குப் போகிறார்கள். பல வகுப்புகளில் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பார்த்து வரையச் சொல்கிறார்கள். கண்ணாடியைப் பொறுத்தவரை இது தவறான வழி என்று உறுதியாகச் சொல்வேன். கைபேசி வெண்புள்ளியைச் சுட்டுப் பொசுக்கிவிடுகிறது, இருண்ட விளிம்பை மூடிவிடுகிறது. தலையைச் சற்று அசைத்தால் கிளாஸுக்குள் உலகம் நகர்வதைப் படம் ஒருபோதும் காட்டாது. அந்த அசைவில்தான் பிள்ளை கண்ணாடியைப் புரிந்துகொள்கிறது. ஆசிரியர்களே, பெற்றோரே, மேசைமேல் உண்மையான ஒரு கிளாஸை வையுங்கள். பாதி தண்ணீர் ஊற்றுங்கள், பின்னால் ஒரு கோடுபோட்ட துணியை நிறுத்துங்கள், ஒரே ஒரு சன்னலைத் திறந்துவையுங்கள். டெக்சஸில் இருப்பவர்கள் பிள்ளைகளை ஃபோர்ட் வொர்த்துக்கு அழைத்துப் போங்கள். கிம்பெல் கட்டடத்தை வடிவமைத்தவர் அகமதாபாத் ஐஐஎம்மைக் கட்டிய லூயி கான். கூரையின் பிளவு வழியே இறங்கும் பகலொளியில் படங்களைப் பார்க்கலாம். ஸ்ட்ராபெர்ரிக் கூடை அங்கே வரவில்லையென்றாலும், ஓவியம் பழகும் ஒரு மாணவனை ஷார்தான் வரைந்த படம் அங்கே இருக்கிறது. மெக்ளாஸ்கியின் ஆரஞ்சுகள் நடந்துபோகும் தூரத்தில். இரண்டு அருங்காட்சியகங்களிலும் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.